கரும்பு நாடு கட்டிய சர்க்கரை

சர்க்கரை என்றதும் நம் நினைவுக்கு வருவது ரேஷன் கடையும் தேநீர்க் குவளையும்தான். ஆனால் தோழர்களே, பச்சிளங் குழந்தையின் உயிரைக் குடிக்கத் துணைபோகும் சர்க்கரை ஒன்று உண்டு. அதே சர்க்கரை குழந்தையின் உயிரைக் காக்கவும் செய்யும்! அந்தக் கதையைத்தான் இன்று சொல்கிறோம்.

ஹிப் என்றொரு கிருமி. முழுப்பெயர் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி. ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளைத்தான் அது பெரிதும் தாக்கும். மூளையுறைக் காய்ச்சலைத் தரும், நிமோனியாவைத் தரும். பிழைத்தவர்களிலும் சிலருக்குச் செவிப்புலன் போய்விடும். 2000ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3,70,000 குழந்தைகள் இதற்குப் பலியானதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில்தான் இதற்கான தடுப்பு மருந்து சர்க்கார் போடும் ஊசியில் சேர்ந்தது.

இந்தக் கிருமி ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு வருகிறது. அது சர்க்கரையால் ஆன போர்வை. ரிபோஸ் என்ற சர்க்கரை, ரிபிட்டால் என்ற அதன் உறவுப் பொருள், இவற்றைப் பிணைக்கும் பாஸ்பேட் – இவை சங்கிலிபோல் மீண்டும் மீண்டும் தொடரும். உடலின் காவல் அணுக்கள் கிருமியை விழுங்காதபடி தடுப்பது இப்போர்வையே. இதை உடலுக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டிவிட்டால், கிருமியின் ஜம்பம் சாயாது!

சர்க்கரையை மட்டும் கொடுத்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் சரிவர விழித்துக்கொள்வதில்லை. புரதத்தோடு பிணைத்துக் கொடுக்க வேண்டும். அத்தகைய மருந்து 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரும் தொட்டிகளில் கிருமியை வளர்த்து, அதன் போர்வையை உரித்தெடுத்துச் செய்த மருந்து அது. அதன் விலையோ ஏழை நாடுகளின் கைக்கு எட்டவில்லை.

கரும்புக்குப் பேர்போன கியூபா 1962 முதல் அமெரிக்க வர்த்தகத் தடையில் சிக்கிய சிறு நாடு. அங்கே ஹவானா பல்கலைக்கழகத்தில், விசென்டே வெரெஸ் பென்கோமோ என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 1989இல் ஒரு வேலையில் இறங்கினார்கள். கிருமியே இல்லாமல் அந்தச் சர்க்கரைச் சங்கிலியை ரசாயன முறையில் கட்டும் வேலை அது!

எளிதா அது? சர்க்கரை மூலக்கூறுக்குக் கைகள் பல. எந்தக் கை எதைப் பற்றும் என்று சொல்ல முடியாது. வண்டிக்கு வர்ணம் அடிக்கும் தொழிலாளி என்ன செய்கிறார்? வர்ணம் படக்கூடாத இடத்தைக் காகிதம் ஒட்டி மறைக்கிறார். வேலை முடிந்ததும் உரிக்கிறார். ரசாயன விஞ்ஞானியும் அதையே செய்கிறார். வேண்டாத கைகளை மூடி, வேண்டிய கையை மட்டும் பிணைத்து, இறுதியில் மூடியவற்றைத் திறக்கிறார். கியூபர்கள் ஒருபடி மேலே போனார்கள். கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோக்காமல், ஒரே வினையில் பல கண்ணிகள் இணையும்படி செய்தார்கள்.

கனடாவின் ரெனே ராய் தோள்கொடுத்தார். கட்டிய சங்கிலியை, நச்சுத்தன்மை நீக்கிய டெட்டனஸ் புரதத்தோடு பிணைத்தார்கள். 2003இல் கியூபா அதற்கு அனுமதி தந்தது. சோதனை முடிவுகள் 2004இல் ‘சயன்ஸ்’ ஏட்டில் வெளிவந்தன. கிருமியிலிருந்து எடுத்த மருந்துக்கு இது சளைத்ததல்ல என்று அவை காட்டின. ரசாயனத்தால் கட்டிய சர்க்கரையைக் கொண்டு மனிதருக்குச் செய்த முதல் தடுப்பு மருந்து இதுவே!

2005இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் அவருக்கு ஒரு பரிசு காத்திருந்தது. வாங்கச் செல்ல அமெரிக்க சர்க்கார் விசா மறுத்தது. மனிதருக்கு வேலி போட்டார்கள். அறிவுக்கு வேலி போட முடிந்ததா? 2021இல், கொரோனாவுக்கு எதிராக அவர் தலைமையிலான பின்லே நிறுவனம் உருவாக்கிய சோபெரானா 2 மருந்திலும் அதே டெட்டனஸ் புரதம்தான் துணை நின்றது.

பணமுள்ளவன் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் இது நடந்திருக்குமா? ஏழையின் பிள்ளையும் பிழைக்க வேண்டும் என்ற எண்ணமே அந்தச் சர்க்கரையைக் கட்டியது. விஞ்ஞானம் யாருக்காக என்று கேட்போருக்கு, இதையே பதிலாகச் சொல்வோம்!