இரண்டடித் தொட்டிக்கு எத்தனை அங்குல மணல்?

காஞ்சிபுரத்தில் கோயில் குளம் தூர்வாருவதைப் பார்த்திருக்கீங்களா? மேலே விரல் கனத்துக்குப் பழுப்புச் சேறு. அதற்குக் கீழே தார் மாதிரி கருப்பு. மண்வெட்டி பட்டதும் அழுகின முட்டை வாடை. வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைக்கப் போய், மணல் எவ்வளவு போடணும்னு குழம்பிக் கிடந்த எனக்குப் பாதி விடை அந்தச் சேற்றில்தான் இருந்தது.

மீன் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. ஆக்சிஜன் உள்ள இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அதோடு நின்றுவிடும், நைட்ரேட் தண்ணீரில் தேங்கும். அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் அந்த வேலையைச் செய்யும். மணலை ஆழமாகப் போட்டால் அடியில் அப்படி ஒரு இடம் கிடைக்கும். மொனாக்கோவில் ழான் ஜோபேர் மணலுக்கு அடியில் ஒரு வெற்றிடம் விட்டு இதைச் செய்தார். அமெரிக்காவில் ரான் ஷிமெக், 4 அங்குலத்துக்குக் குறையாத மெல்லிய மணலும் அதில் நிறைய புழுக்களும் என்றார். இரண்டும் வேலை செய்கிற முறைகள்தான்.

சிக்கல் அதற்கும் கீழே. நைட்ரேட்டும் தீர்ந்துபோன ஆழத்தில் பாக்டீரியாக்கள் சல்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்குக் கடல்நீரில் சல்பேட் இருக்கு. நம்ம குளத்துத் தண்ணீரை விடப் பல மடங்கு. அதிலிருந்து வருவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு, அதே முட்டை வாடை. கிளறாமல் விட்டால் மேலே வருவதற்குள் பெரும்பாலும் ஆக்சிஜனோடு சேர்ந்து அடங்கிவிடும். கிளறினால் மீனுக்கு விஷம்.

இப்போ கணக்கு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி என்றால் சுமார் 54 லிட்டர். 4 அங்குல மணல் போட்டால் மணலே 18 லிட்டர், எடை 27 கிலோ பக்கம். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. 1 அங்குலம் என்றால் நாலரை லிட்டர், 7 கிலோ. சின்னத் தொட்டியில் தண்ணீர்தான் பாதுகாப்பு. அது குறையக் குறைய சூடும் உப்பும் சீக்கிரம் ஏறும்.

எனக்கு இது புரிந்தது ஒரு மே மாத இரவில். ரெண்டும் இல்லாமல் நடுவாக 3 அங்குலம் போட்டிருந்தேன். கரண்ட் போய் மூணு மணி நேரம். பம்ப் நின்றது. எழுந்து பார்த்தால் கோமாளி மீன் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மணலில் இருக்கிற உயிர்களும் அதையேதான் சுவாசிக்கும். மக் வைத்து விடிய விடிய தண்ணீரை மோந்து ஊற்றினேன். பிழைத்துவிட்டன. மறுநாளே பேட்டரி ஏர் பம்ப் வாங்கினேன்.

அந்த 3 அங்குலம்தான் உள்ளதில் மோசமான தேர்வு. நைட்ரேட்டை நம்பகமாக நீக்கும் ஆழமும் இல்லை, குழாய் விட்டு உறிஞ்சிச் சுத்தம் பண்ணும் அளவுக்கு மெல்லிசும் இல்லை. அழுக்கு மட்டும் சேரும். இப்போ 1 அங்குலம் வைத்திருக்கிறேன். நைட்ரேட்டுக்கு வாரம் 5 லிட்டர் தண்ணீர் மாற்றினால் போதும். நுண்துளை உள்ள கற்களின் உட்புறமும் கொஞ்சம் உதவும்.

எந்த மணல்? பக்கத்திலேயே பாலாறு இருக்கே என்று தோன்றும். வேண்டாம். மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஆறு அது. கடற்கரை மணலும் வேண்டாம். அதிலுள்ள கருப்புத் துகள்களில் சில காந்தத்தில் ஒட்டும். காந்தம் வைத்துக் கண்ணாடி துடைக்கும்போது கீறல்தான் மிஞ்சும். ராமேஸ்வரம் போனால் பவளத் துண்டு பொறுக்கிவராதீங்க, செத்த பவளமும் வனவிலங்குச் சட்டத்தில் வரும். கடையில் பாக்கெட்டில் வரும் அரகோனைட், 1 மில்லிமீட்டர் பருமன், அதுவே போதும்.

வளை தோண்டும் மீன் வளர்க்கணும்னா மட்டும் ஒரு மூலையில் 2 அங்குலம் குவித்து வையுங்க. கல்லை முதலில் தொட்டியின் அடியில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு மணலைப் போடுங்க. மணல் மேல் கல்லை வைத்தால், மீன் தோண்டத் தோண்ட ஒருநாள் சரியும்.