பட்டறையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

"அண்ணாச்சி, பயல எதுல சேக்கட்டும்? ஃபிட்டரா, எலக்ட்ரீசியனா?"

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் வள்ளியூர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். எந்த டிரேடு என்று பத்துப் பேரிடம் கேட்கிறவர்கள், எந்த ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) படிக்கவைப்பது என்பதை மட்டும் பேருந்து நிலையத்து ஃபிளெக்ஸ் போர்டைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கைத்தொழில் தெரிந்தவனுக்கு இந்தச் சீமையில் வேலைக்கு வழி உண்டு. தென்கிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம். மேற்கே ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி. தெற்கே முப்பந்தல் காற்றாலைகள். வடக்கே கங்கைகொண்டானில் டாட்டாவின் சோலார் தொழிற்சாலை. அங்கே பெருமளவில் பெண்களையே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். மகள் வைத்திருக்கிறவர்களும் ஐ.டி.ஐ. பற்றி யோசிக்க வேண்டும்.

வளைகுடா வேலை என்றால் வெல்டருக்கு டிரேடு டெஸ்ட் உண்டு. 6ஜி என்பார்கள். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தியிருப்பார்கள். அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிந்தும் வளைந்தும் சுற்றிப் போட்டு முடிக்க வேண்டும். பார்வைக்கு அழகாக இருந்தால் மட்டும் போதாது, எக்ஸ்ரேயில் உள்ளே ஓட்டை தெரிந்தால் ஆள் அவுட். ஓராண்டு வெல்டர் படிப்பு ஒருவனை அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடாது. ஆனாலும் கை நிதானப்படும் மட்டும் அங்கே வெல்டிங் ராடு எரித்திருக்க வேண்டும். ராடு காசு. மிச்சம் பிடிக்க நினைக்கிற நிலையத்தில் முதலில் குறைவது அதுதான்.

அதனால் அலுவலக அறையில் உட்கார்ந்து கட்டணம் பேசுவதற்கு முன் பட்டறையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். எரித்த ராடின் குச்சங்களும் வெட்டிப்போட்ட தகடுகளும் குவிந்து கிடக்கின்றனவா? ஃபிட்டர் பிரிவில் வைஸுக்கு அடியில் இரும்புத்தூள் இருக்கிறதா? ஃபிட்டர் பயிற்சியில் முதல் மாதங்கள் அரம் பிடிப்பதிலேயே போகும். இரும்புத் துண்டைத் தேய்த்து, ட்ரை ஸ்கொயரை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டும். துடைத்து வைத்தாற்போல் பளபளக்கிற பட்டறையில் யாரும் இதைச் செய்வதில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அங்கீகாரம். நிலையத்துக்கு என்.சி.வி.டி. என்று சொல்லப்படும் மத்திய அரசு அங்கீகாரம் இருக்கிறது என்றால் போதாது. உங்கள் பிள்ளை சேரும் டிரேடுக்கு இருக்கிறதா, எத்தனை யூனிட்டுக்கு இருக்கிறது என்று கேளுங்கள். ஃபிட்டர், எலக்ட்ரீசியன் இரண்டுக்கும் யூனிட்டுக்கு 20 பேர்தான். ஒரே யூனிட்டை வைத்துக்கொண்டு அறுபது பேரைச் சேர்க்கிற இடம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சொந்தமாக அச்சடித்துக் கொடுக்கும் ஆறு மாதச் சான்றிதழை இஸ்ரோவின் டெக்னீசியன் வேலைக்கோ ரயில்வேக்கோ நீட்ட முடியாது.

வள்ளியூருக்கு வடக்கே பேட்டை, தெற்கே நாகர்கோவில் கோணம், இரண்டிலும் அரசு ஐ.டி.ஐ. உண்டு. அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். தமிழ்நாட்டில் 71 அரசு நிலையங்களை டாட்டா டெக்னாலஜீஸ் உதவியோடு புதுப்பித்து ரோபோ, சி.என்.சி. இயந்திரங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். தூரம் என்பதற்காக மட்டும் இவற்றை ஒதுக்காதீர்கள்.

தனியாரிலும் நல்ல நிலையங்கள் இருக்கின்றன. போன வருஷம் முடித்த நாலு பேரின் பெயரைக் கேளுங்கள். தயங்காமல் கொடுத்தால் அந்தப் பையன்களிடமே பேசுங்கள். வேலை கிடைத்ததா என்பதோடு, எங்கே அப்ரண்டிஸ் போனார்கள் என்றும் விசாரியுங்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி நடக்கும் அந்தப் பயிற்சியில்தான் கை உண்மையாகத் தேறும், உதவித்தொகையும் வரும்.

"ஐ.டி.ஐ. போனா அதோட படிப்பு முடிஞ்சு போச்சே" என்று அம்மாக்கள் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். முடியவில்லை. பத்தாவதுக்குப் பிறகு இரண்டாண்டு டிரேடு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பி.இ.யும் போகலாம்.