விடிந்தால் வேறு மாதிரி! 'செல்'லில் நடக்கும் மாற்றத்தை யாரிடம் போய்க் கேட்பது? தென்காசி, குற்றாலத்தில் புலம்பல்

தென்காசி:

ராத்திரி படுக்கும்போது ஒழுங்காகத்தான் இருந்தது. விடிந்து எழுந்து பார்த்தால் பட்டன் இடம் மாறிக் கிடக்கிறது. மேலே இருந்த பட்டை கீழே இறங்கி விட்டது. கேட்காமலே புதிதாக ஒரு வட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கையில் இருக்கும் செல்போனில்தான் இந்தக் கூத்து!

"நான் ஒன்னையும் தொடலையே அண்ணாச்சி, தானா மாறிப் போச்சே" என்று ரிப்பேர் கடைக்கு ஓடினால் கடைக்காரர் கையை விரிக்கிறார். அது ரிப்பேர் இல்லை. 'அப்டேட்'!

பஸ் ரூட்டை மாற்றினால் டெப்போவில் போய்ச் சத்தம் போடலாம். ரேஷன் கடையில் எடை குறைந்தால் தாலுகா ஆபீசில் மனு கொடுக்கலாம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பட்டன் மாறினால் எந்தக் கலெக்டரிடம் போவது?

சிரித்து விட்டுப் போகிற விஷயம் அல்ல இது. பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

அருவியும் செல்லும்

குற்றால சீசன் ஜூனில் ஆரம்பித்து செப்டம்பர் வரை. சாரல் அடித்தால்தான் கூட்டம். கூட்டம் வந்தால்தான் லாட்ஜ்காரருக்கும், ஆட்டோக்காரருக்கும், நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவருக்கும், மங்குஸ்தான் பழம் கூறு வைத்து விற்கிற அம்மாவுக்கும், எண்ணெய் தேய்த்து விடுகிறவருக்கும் காசு. அந்த மூன்று நான்கு மாதச் சம்பாத்தியத்தில்தான் மிச்ச மாதங்களைத் தள்ள வேண்டும்.

"மெயினருவியில தண்ணி எப்படி? ஐந்தருவியில குளிக்க விடுறாங்களா?"

ஒரு காலத்தில் இது பஸ்சை விட்டு இறங்கிய பிறகுதான் தெரியும். இன்று மதுரையிலோ கொல்லத்திலோ வண்டியைக் கிளப்பும் முன்பே செல்லைப் பார்த்து விடுகிறார்கள். குளிக்கத் தடை என்றால் வண்டி கிளம்பாது.

2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஜனங்கள் அலறி அடித்துக்கொண்டு ஓடிய காட்சி சற்று நேரத்தில் செல்போன் மூலம் ஊர் ஊராகப் பரவியது. குளிக்கத் தடை என்ற சேதியும் அப்படித்தான் பரவியது.

அந்தக் காலத்தில் தண்டோரா. இந்தக் காலத்தில் வாட்ஸ்அப். தமுக்கு அடித்தவராவது நம் ஊர்க்காரர். இந்தத் தமுக்கின் சொந்தக்காரர் இருப்பது அமெரிக்காவில். அவர் தோலை மாற்றினாலும் வாரை மாற்றினாலும் நம்மைக் கேட்பது கிடையாது.

உதாரணத்துக்கு 'ஸ்டேட்டஸ்' சமாசாரம். அன்றன்று வந்த சரக்கைப் படம் பிடித்து ஸ்டேட்டசில் போட்டே வியாபாரம் செய்கிற சின்னக் கடைக்காரர்கள் நம் ஊரில் உண்டு. 2023 செப்டம்பரில் 'சேனல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஸ்டேட்டஸ் இருந்த இடத்துக்கு 'அப்டேட்ஸ்' என்று பெயர் மாறியது. அதே பக்கத்தில் சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் வந்து குந்திக்கொண்டார்கள். சின்னக் கடைக்காரர் ஜவுளிப் படத்தை யார் தேடிப் பார்ப்பது?

சீட்டில் எழுதிய வாக்கு

வாட்ஸ்அப்பை 2009-ல் தொடங்கியவர்கள் ஜான் கூம், பிரயன் ஆக்டன் என்ற இரண்டு பேர். விளம்பரம் கூடாது, விளையாட்டு கூடாது, ஏமாற்று வித்தை கூடாது என்று ஆக்டன் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க, அதைக் கூம் தன் மேஜையில் வைத்திருந்தார்.

2014-ல் பேஸ்புக் கம்பெனி சுமார் 1,900 கோடி டாலருக்கு அதை விலைக்கு வாங்கியது. ஆக்டன் 2017-லும் கூம் 2018-லும் கழன்று கொண்டார்கள்.

2025 ஜூன் 16-ந் தேதி, அதே அப்டேட்ஸ் பக்கத்தில் விளம்பரம் வரும் என்று கம்பெனி அறிவித்தது. சீட்டு போன இடம் தெரியவில்லை!

நடுவில் 2021 ஜனவரியில் பெரிய ரகளை ஒன்று நடந்தது. "புதிய நிபந்தனைக்குச் சம்மதம் சொல்லு. பிப்ரவரி 8 வரை கெடு" என்று எல்லோருடைய செல்லிலும் ஓர் அறிவிப்பு. நம் விவரங்களைத் தாய்க் கம்பெனியோடு பங்கு போட்டுக்கொள்ளும் விஷயம் அது. ஜனங்கள் மிரண்டு போய் 'சிக்னல்', 'டெலிகிராம்' என்று ஓடினார்கள். ஓடிய வேகத்தைப் பார்த்துக் கம்பெனி கெடுவை மே 15 வரை தள்ளி வைத்தது.

இந்த விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பர் 18-ந் தேதி மெட்டா கம்பெனிக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் தீட்டியது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அபராதத்தை உறுதி செய்தது. விவரத்தைப் பங்கு போடக்கூடாது என்ற ஐந்து வருஷத் தடையை மட்டும் நீக்கி விட்டது.

கூடவே பழைய செல் வைத்திருந்தவர்களுக்கு விழுந்த அடியையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 4.4 கிட்கேட் ரகப் போன்களில் வாட்ஸ்அப் வேலை செய்யாது என்று நிறுத்தினார்கள். செல் உடையவில்லை, பாட்டரி போகவில்லை. ஆனாலும் வேறு செல் வாங்கியாக வேண்டும். மகன் போட்டுவிட்டுத் தூக்கிக் கொடுத்த பழைய செல்லில் பேரனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டிகளுக்குத்தான் முதல் அடி.

மத்தளம்பாறை சேதி

இங்கேதான் நம் மாவட்டத்துக்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

தென்காசிக்குப் பக்கத்திலேயே, மலை அடிவாரத்தில் மத்தளம்பாறை. அங்கே 2011-ல் ஸோஹோ கம்பெனி ஆபீஸ் போட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவை விட்டு வந்து இந்தக் கிராமத்திலேயே குடியேறி விட்டார். சைக்கிளில் போகிறவரைப் பார்த்து "இவரா பெரிய முதலாளி?" என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பது உண்டு.

2021 ஜனவரியில், வாட்ஸ்அப் மேல் ஜனங்கள் கோபத்தில் இருந்த அதே நேரத்தில், இந்தக் கம்பெனி 'அரட்டை' என்ற செயலியை வெளியே விட்டது. நாலு வருஷம் அதைச் சீண்டியவர்கள் கொஞ்சப் பேர்தான்.

2025 செப்டம்பர் கடைசியில் வந்தது பாருங்கள் யோகம்! மத்திய மந்திரிகள் சுதேசிச் செயலியைப் பயன்படுத்தச் சொல்ல, ஒரு நாளைக்கு 3 ஆயிரம் பேர் சேர்ந்த இடத்தில் 3 லட்சத்து 50 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். மூன்றே நாளில் நூறு மடங்கு! ஸ்ரீதர் வேம்புவே வெளியிட்ட கணக்கு இது. ஆப்பிள் கடையில் அரட்டைதான் முதல் இடம். டெல்லிக்காரர்கள் 'ழ'வுக்குத் தப்பினாலும் 'ட்ட'வில் மாட்டிக்கொண்டார்கள்.

ஆனால் குறையும் உடனே கிளம்பியது. ஒருவர் எழுதுவதை நடுவில் வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி வாட்ஸ்அப்பில் 2016-லேயே வந்து விட்டது. அரட்டையில் எழுத்துச் செய்திக்கு அந்தப் பூட்டு முதலில் இல்லை. "சொந்த ஊர்க் கடை என்பதற்காகக் கதவில்லாத வீட்டில் குடியிருக்க முடியுமா?" என்று கேட்டவர்களைத் தப்பு சொல்ல முடியாது. 2025 நவம்பரில்தான் அந்தப் பூட்டைப் போட ஆரம்பித்தார்கள்.

அதற்குள் வந்த கூட்டத்தின் வேகம் தணிந்து விட்டது.

தராசைத் தூக்கினால்

வாட்ஸ்அப்பைத் திட்டுகிறவர்கள் ஏன் அதிலேயே இருக்கிறார்கள்? ரோஷம் இல்லாமலா?

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். விற்கிறவர், வாங்குகிறவர், தரகர், லாரிக்காரர் எல்லோரும் அங்கேதான். வாடகை ஜாஸ்தி, வழி சரியில்லை என்று ஒரே ஒரு வியாபாரி தராசைத் தூக்கிக்கொண்டு ஒரு பர்லாங் தள்ளிப் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? தக்காளி அழுகும். இடம் மாறுவதென்றால் சந்தையே சேர்ந்து எழுந்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் கதையும் அதுதான். மளிகைக் கடைக்காரர் அரட்டைக்குப் போகலாம். அவருக்குப் பருப்பு அனுப்புகிற விருதுநகர் மொத்த வியாபாரி வர வேண்டுமே! ஸ்கூல் குரூப்பும், தெருக் குரூப்பும், சங்கத்துக் குரூப்பும் வர வேண்டுமே! கம்பெனிக்கும் இது நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் ராத்திரியோடு ராத்திரியாக எதையும் மாற்றுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வாலிபர்கள் கதை

வாலிபர்களின் புலம்பல் வேறு ரகம். அவர்களுக்குப் பட்டன் மாறவில்லை. ஆட்டமே காணாமல் போனது!

'டிக் டாக்'குக்கு முதல் அடி நம் பக்கத்திலிருந்துதான் விழுந்தது. 2019 ஏப்ரல் 3-ந் தேதி ஐகோர்ட்டு மதுரைக் கிளை அதை இறக்கத் தடை விதிக்கும்படி உத்தரவிட்டது. ஏப்ரல் 24-ல் தடை நீங்கியது. மறு வருஷம் 2020 ஜூன் 29-ந் தேதி, மத்திய அரசு 59 செயலிகளை ஒரே உத்தரவில் தடை செய்தது. டிக் டாக்கும் அதில் போயிற்று. அருவிக்கரையில் ஆடிப் பாடி வீடியோ போட்டு ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் மறுநாள் காலையில் பூஜ்யம்.

அந்த வருஷமே செப்டம்பர் 2-ல் 'பப்ஜி' போனது. 2021 ஜூலை 2-ந் தேதி 'பி.ஜி.எம்.ஐ.' என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தது. 2022 ஜூலை 28-ல் மறுபடி கடையிலிருந்து தூக்கப்பட்டது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. இந்த முறை 18 வயதுக்கு உட்பட்டவர்கள் நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்கள் 6 மணி நேரம் என்று கட்டுப்பாடு. 'ப்ரீ பயர்' 2022 பிப்ரவரியில் தடையானது.

பெற்றோர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். இல்லை என்று சொல்லக் கூடாது. ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்ட வீடுகள் எத்தனையோ. ஆனால் அந்த ஆட்டத்தில் சட்டை, துப்பாக்கி, தொப்பி என்று காசு கொடுத்து வாங்கியவையும் ஆட்டத்தோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. பணம் கொடுத்து வாங்கியது சொந்தச் சாமான் என்றுதான் பையன்கள் நினைத்தார்கள். அது கம்பெனி எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும் இரவல் என்பது நிபந்தனையில் பொடி எழுத்தில் இருந்தது.

'பிங்க்' மோசடி

இந்த எரிச்சலில் குளிர் காய்கிற கும்பலும் இருக்கிறது. உஷார்!

2021 ஏப்ரலில் "பச்சை வாட்ஸ்அப் அலுத்து விட்டதா? இளஞ்சிவப்பு வாட்ஸ்அப் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு 'லிங்க்' நாடு பூராவும் சுற்றியது. தொட்டவர்களின் செல்லுக்குள் வைரஸ் புகுந்தது. 2023-ல் அதே மோசடி மறுபடி தலைகாட்ட, மும்பை போலீசார் பகிரங்க எச்சரிக்கை விடுத்தார்கள். தடையான ஆட்டத்தை இறக்கித் தருகிறோம், பழைய மாடல் வாட்ஸ்அப்பைத் தருகிறோம் என்று எவன் லிங்க் அனுப்பினாலும் தொடாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் கை மாறிப் போய்விடும்.

கத்தினால் கேட்குமா?

சில சமயம் கேட்கிறது. 2018-ல் 'ஸ்னாப்சாட்' முகத்தை மாற்றியபோது 12 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். 2022 ஜூலையில் இன்ஸ்டாகிராம், டிக் டாக் மாதிரி முழுத்திரைக்கு மாறப் பார்த்தது. பிரபலங்கள் முதல் சாமானியர் வரை சத்தம் போட்டதும் பின்வாங்கியது.

எனக்குப் பிடித்த கதை இங்கிலாந்தில் நடந்தது. 'ரூன்ஸ்கேப்' என்ற ஆன்லைன் விளையாட்டை மாற்றி மாற்றி ஆடுகிறவர்களை வெறுப்பேற்றிய கம்பெனி, 2013-ல் பழைய ஆட்டம் வேண்டுமா என்று ஓட்டெடுப்பே நடத்தியது. 4 லட்சம் பேருக்கு மேல் வேண்டும் என்றார்கள். 2007-ம் வருஷத்து ஆட்டத்தைத் தூசி தட்டி எடுத்து விட்டார்கள். புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் ஆடுகிறவர்களிடம் ஓட்டுக் கேட்பது அதன் பிறகு அங்கே வழக்கமாகி விட்டது.

மனு எங்கே கொடுப்பது?

நம் நாட்டில் 2021-ல் வந்த ஐ.டி. விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைக்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பு கொள்ளும் வழியும் இணையதளத்திலோ செயலியிலோ இருக்க வேண்டும். புகார் வந்தது என்று 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். முடிவு சொல்ல அப்போது 15 நாள் கெடு வைத்தார்கள்.

அவர் முடிவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 மார்ச் முதல் மூன்று குழுக்கள் வேலையைத் தொடங்கின. டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம். மனு, விசாரணை எல்லாமே ஆன்லைனில்தான்.

காரணம் சொல்லாமல் உங்கள் கணக்கை முடக்கினாலோ, அவதூறான பதிவை நீக்க மறுத்தாலோ இந்த வழி உதவும். பட்டன் இடம் மாறியது, வட்டம் வந்து உட்கார்ந்தது, ஸ்டேட்டஸ் ஒதுங்கியது என்பதற்கெல்லாம் இந்த விதியில் இடம் இல்லை. அதற்கு மனு வாங்க இன்னும் ஒரு மேஜை போடப்படவில்லை.

கணக்கு முடங்கியவர்கள் ஒன்று செய்யுங்கள். கம்பெனி அனுப்பிய பதிலை அழித்து விடாமல் 'ஸ்கிரீன் ஷாட்' எடுத்து வையுங்கள். வாடிக்கைக்காரர்களின் போன் நம்பர்களை ஒரு நோட்டில் கையால் எழுதிக் கல்லாவில் வைப்பதும் நல்லது. கணக்கு திரும்பி வருகிற வரைக்கும் வியாபாரம் அந்த நோட்டில்தான் ஓட வேண்டும்.