மர்மமும் தோன்றா எழுவாயும்

நமது செய்தித் தலைப்புகளில் அடிக்கடி இடம்பெறும் சொற்களுள் ‘மர்மம்’ என்பதும் ஒன்று. மர்ம மரணம், மர்மப் பொதி, மர்ம வாகனம், மர்ம மனிதன் என அதன் எல்லை விரிந்துகொண்டே செல்கின்றது. மறைவானவற்றையும் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டவற்றையும் குறிக்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன, எதைக் குறித்தன, இன்று எதை மறைக்கின்றன என்பது சொல்லாராய்ச்சியோடு மட்டும் நின்றுவிடும் விடயமல்ல.

மர்மம் என்பது வடமொழியில் உடலின் உயிர்நிலையைக் குறித்த சொல். அடிபட்டால் உயிருக்கே ஆபத்து விளையும் இடம் அது. தமிழ் வைத்திய மரபில் வழங்கும் ‘வர்மம்’ இதனோடு தொடர்புடையதே. வெளியே புலப்படாத நிலை என்பதிலிருந்தே இரகசியம் என்ற பொருள் கிளைத்தது. சூனியம் என்பதற்கு வெறுமை என்றே பொருள். பேச்சுவழக்கில் அது தீவினையாக மாறியது. சிங்களத்தில் வழங்கும் ‘ஹூனியம்’ என்பதும் அதே சொல்லின் மறுவடிவமே. நிலம், நீர் முதலானவற்றை ஐம்பூதம் என்கின்றோம். சிலப்பதிகாரம் கூறும் சதுக்கப்பூதமோ பொய்ச்சாட்சி சொல்வோரையும் ஒழுக்கம் தவறியோரையும் தண்டித்து நகரைக் காத்தது. பிற்காலத்திலேயே பூதம் அச்சத்தின் பெயராகச் சுருங்கியது.

அறபு மொழியிலும் இத்தகைய வரலாறு உண்டு. ஜின் என்ற சொல்லின் வேர் மறைத்தல், மூடுதல் என்னும் பொருளுடையது. தாயின் வயிற்றில் மறைந்திருக்கும் சிசுவைக் குறிக்கும் ‘ஜனீன்’, அறிவு மறைக்கப்பட்டவனைக் குறிக்கும் ‘மஜ்னூன்’, மரங்கள் அடர்ந்து நிலத்தை மூடிய சோலையைக் குறிக்கும் ‘ஜன்னத்’ ஆகியனவும் அவ்வேரிலிருந்து பிறந்தவையே. மறைவானவற்றைக் குறிக்கும் ‘கைப்’ பற்றிய அறிவு இறைவனுக்கே உரியது என்பது இஸ்லாமிய நம்பிக்கை. ஆகவேதான் குறிகேட்டுச் செல்வதை அம்மார்க்கம் தடுக்கின்றது. தமிழில் ‘மறை’ என்ற ஒரே சொல் ஒளித்தலையும் வேதத்தையும் குறிப்பதும் இங்கு நோக்கத்தக்கது. நாவூறு என்றும் கண்ணூறு என்றும் கூறப்படும் அச்சம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சமய வேலிகளைத் தாண்டியது. மறைவானவை பற்றிய நம்பிக்கைக்கு அதற்குரிய இடம் உண்டு. அதன் சொற்கள் மனிதர் செய்யும் குற்றங்களுக்கு இடம்மாறும்போதே ஆபத்து தொடங்குகின்றது.

இதற்கு 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தக்க சான்றாகும். உடலில் கிறீஸ் பூசிய ஒருவன் இரவில் பெண்களைத் தாக்குகின்றான் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. சிங்களத்தில் அவன் ‘கிறீஸ் யக்கா’ எனப்பட்டான். தமிழ்ப் பத்திரிகைகள் ‘கிறீஸ் பூதம்’ என்றும் ‘மர்ம மனிதன்’ என்றும் எழுதின. அது ரமழான் மாதம். ஆண்கள் இரவுத் தொழுகைக்குச் சென்றிருக்கும் வேளையில் வீட்டிலிருந்த பெண்களைப் பீதி சூழ்ந்தது. துரத்திச் செல்லப்பட்டவர்கள் படைமுகாம்களுக்குள் ஓடி மறைந்ததாகக் கிழக்கிலும் வடக்கிலும் மக்கள் முறையிட்டனர், அதிகாரிகள் மறுத்தனர். கிண்ணியாவில் மக்களும் கடற்படையினரும் மோதிக்கொண்டனர். புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கும்பலால் கொல்லப்பட்டார். மலையகத்தில் சந்தேகத்தின்பேரில் இருவர் அடித்துக் கொல்லப்பட்டனர். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் நள்ளிரவில் வீடு புகுந்த படையினர் ஆண்களைத் தாக்கி இழுத்துச் சென்றதாகக் குடும்பத்தினர் முறையிட்டனர்.

‘பூதம்’ என்ற சொல் இங்கு இருமுனைக் கத்தியாயிற்று. பெண்ணொருத்தி தாக்கப்பட்டாள் என்றால் பொலிஸார் விசாரித்தே ஆகவேண்டும். பூதம் வந்தது என்றால் மூடநம்பிக்கை எனச் சிரித்து ஒதுக்கிவிடலாம். மறுபுறத்தில், பிடிபட்ட அந்நியனை மனிதனாகக் கண்டால் பொலிஸாரிடம் ஒப்படைக்கத் தோன்றும். பூதமாகக் கண்டால் அடித்துக் கொல்லத் தோன்றும். ஒரே சொல் முறைப்பாட்டாளரின் நீதியையும் வழிப்போக்கரின் உயிரையும் பறித்தது.

இன்னொரு சொற்றொடர் இதைவிட அமைதியானது: ‘இனந்தெரியாதோர்’. 2006ஆம் ஆண்டுக்குப் பின்னர் கொழும்பில் வெள்ளை வான்கள் உலவிய காலத்தில் நாள்தோறும் அச்சாகிய சொல் அது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் தலைநகரிலும் புறநகரிலும் 11 பேர் கடத்தப்பட்டமை தொடர்பில் பின்னர் கடற்படையைச் சேர்ந்தோர் மீதே குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. கடத்தப்பட்டோருள் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். செய்தியில் இனந்தெரியாதவராக இருந்தவர்களை, விசாரணை நடந்தபோது, பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்ட முடிந்தது.

‘காணாமற்போனோர்’ என்பதும் அத்தகையதே. போனோர் என்றால் தாமே போனார்கள் என்பது பொருள். ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றால் ஆக்கியவர் யார் என்ற வினா உடனே எழுகின்றது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் ‘காணாமற்போன’ என்பதே நிலைத்தது. ஆனால், வலிந்து காணாமல் ஆக்கப்படுதலைக் குற்றமாக்கும் சட்டம் 2018ஆம் ஆண்டில் நிறைவேறியது. 2017இல் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் தம் பிள்ளைகளைக் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே அழைத்தனர். இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்பர். வாக்கியத்தில் வெளிப்படாத செய்பவன் அது. அந்த எழுவாயைத் தோன்றச் செய்யவேண்டும் என்பதே அத்தாய்மாரின் கோரிக்கை.

பத்திரிகைகள் அஞ்சி எழுதின எனக் குறைகூறுவது எளிது. அந்நாட்களில் ஒரு சொல் கூடுதலாக எழுதியமைக்காக உயிரிழந்த பத்திரிகையாளர் உண்டு. ‘மர்மம்’ அன்று பலருக்குக் கவசமாகவே இருந்தது. ஆனால் கவசமாக அணிந்தது பழக்கமாகி உடலோடு ஒட்டிக்கொள்ளலாகாது. மரணமொன்றின் காரணம் தெரியாவிடின், பிரேத பரிசோதனை முடிவு வெளியாகவில்லை என்று எழுதலாம். தாக்கியவர் யாரெனத் தெரியாவிடின், சாட்சிகள் கண்ட உடையையும் வாகனத்தையும், முறைப்பாட்டை ஏற்ற பொலிஸ் நிலையத்தையும் எழுதலாம். தெரியாததைத் தெரியாது எனச் சொல்வது நேர்மை. அதற்கு ‘மர்மம்’ எனப் பெயர் சூட்டுவது, விசாரிக்க வேண்டியவர்களுக்கு விடுமுறை அளிப்பதாகும்.

ஜின்னையும் பூதத்தையும் பற்றி அவரவர் மார்க்கமும் மரபும் பேசட்டும். வீதியில் ஒருவர் கடத்தப்பட்டால் அதைச் செய்தவர் மனிதரே. அவருக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, சில வேளைகளில் பதவியும் உண்டு. அவற்றைக் கேட்டுக்கொண்டே இருப்பது எழுதுவோரின் கடமை. வாசிப்போரின் உரிமையும் அதுவே.