ஃபிரிட்ஜ் குளிரவில்லையா? மெக்கானிக்கை அழைக்கும் முன்...



கோடை வந்துவிட்டால் நம் மளிகைக் கடைகளில் அதிகக் கவலை தருவது மூலையில் நிற்கும் ஃபிரிட்ஜ்தான். பால், தயிர், வெண்ணெய், தோசை மாவு எல்லாம் அதை நம்பியே இருக்கின்றன. நம்மில் பலர் வீட்டு உபயோகத்துக்கான ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜையே கடையிலும் வைத்திருக்கிறோம். அது குளிராவிட்டால் சரக்கும் கெடும்; கெட்ட பாலை வாங்கிப் போன வாடிக்கையாளரும் திரும்ப வரமாட்டார்.

குளிர் குறைந்ததும் நாம் கேட்கும் முதல் சொல் "கேஸ் போய்விட்டது" என்பதாகும். இந்தக் கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. வண்டிக்குப் போடும் பெட்ரோல் போலத் தீர்ந்து போகாது. எங்காவது கசிந்தால்தான் குறையும். எனவே பணம் செலவழிக்கும் முன் கீழ்க்கண்டவற்றை நாமே பார்த்துவிடலாம்.

1. மின்சாரம்: உள்ளே விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விளக்கு எரிந்தும் கம்ப்ரசர் 'டக்' என்று சத்தமிட்டு நின்றுவிட்டால், ஸ்டெபிலைசர் மீட்டரைக் கவனியுங்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மிகவும் குறைந்து வந்தால் கம்ப்ரசர் ஓடாது. அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்தே மீண்டும் போட வேண்டும்.

2. காற்றோட்டம்: பின்புறமுள்ள கறுப்புக் கம்பி வலைதான் உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றுகிறது. மாவுத்தூளும் மூட்டைத் தூசியும் அதில் படிந்தால் சூடு வெளியேறாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் துடைக்கவும். சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைக்கவும். சில மாடல்களில் வலை இராது. பக்கச் சுவர்களே சூடாகும். அவற்றின்மேல் மூட்டைகளைச் சாய்க்கக் கூடாது.

3. கதவு ரப்பர்: கல்லாவிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து மூடுங்கள். இழுத்தால் இறுக்கமாக வரவேண்டும். தாராளமாக வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது என்று பொருள். ரப்பரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். கிழிந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும்.

4. ஐஸ்: ஃப்ரீசரில் அரை சென்டிமீட்டருக்கு மேல் ஐஸ் படிந்தால் அணைத்து உருக விடவும். கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ குத்திப் பெயர்க்கவே கூடாது. குழாய் ஓட்டையாகி உண்மையிலேயே கேஸ் போய்விடும்.

5. சரக்கு அடுக்கும் முறை: பால் பாக்கெட்டுகளை இடைவெளியின்றித் திணித்தால் குளிர்காற்று சுற்றாது. ஒரு டம்ளர் தண்ணீரை நடுத் தட்டில் வைத்து, சில மணி நேரம் கழித்து அதில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 5 டிகிரிக்கு மேற்படாமல் இருப்பது நல்லது.

இனி, நாம் தொடக்கூடாதவை. கம்ப்ரசர், அதையொட்டிய மின் இணைப்புகள், கேஸ் குழாய் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் ஆர் 600ஏ என்னும் கேஸ் உள்ளது, அது தீப்பற்றக்கூடியது. ஃபிரிட்ஜின் மேல்தகட்டைத் தொட்டால் ஷாக் அடித்தால், அதை விட்டுவிட்டு முதலில் மெயினை அணையுங்கள். எர்த்தைச் சரிபார்த்த பிறகே மீண்டும் போடவும்.

மேற்சொன்ன எல்லாம் சரியாக இருந்தும், கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது மெக்கானிக்கை அழையுங்கள். "கசிவு எங்கே? அதை அடைத்தீர்களா?" என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்பினால் அதே செலவு மறுபடியும் வரும்.

அதுவரை கதவைத் திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்குள் பாலையும் தயிரையும் பக்கத்துக் கடை ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். சந்தேகமான பாக்கெட்டை விற்க வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. ஒரு பாக்கெட் பாலின் விலையைவிட நம் கடையின் பெயர் பெரிது.