விற்கத் தெரிந்தவருக்குக் கற்பிக்கத் தெரியுமா?

நோணாங்குப்பம் என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவது சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாம். அங்கு வருவோரில் பலர் தங்கும் அறையை ஊரிலிருந்து புறப்படும் முன்பே தொலைபேசியில் பேசி முடிவு செய்துவிடுகின்றனர். மறுமுனையில் பேசும் இளைஞர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்ப்பதில்லை. இருக்கையை விட்டு எழுவதும் இல்லை. ஆயினும் அவர் செய்வது விற்பனையே. வணிக உலகம் இதனை 'இன்சைடு சேல்ஸ்' என்கிறது.

இத்தொழிலின் பெரிய வடிவத்தைச் சென்னையில் காணலாம். 2010-இல் அங்கு தொடங்கப்பட்ட ஃபிரெஷ்டெஸ்க் நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் அட்வெல் கல்லூரி. பின்னர் ஃபிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பிரெஞ்சு மொழி அறிந்த இளைஞர்களைக் கொண்ட புதுச்சேரிக்கும் இத்துறையில் இடமுண்டு. பிரான்ஸின் கடிகாரம் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும்தான் நமக்குப் பின்தங்கியது. அமெரிக்க வாடிக்கையாளருக்காக விழிப்பதுபோல் விடிய விடிய விழித்திருக்க வேண்டியதில்லை.

ஆனால், இளைஞர்களைப் பழக்குவதற்குத் தகுந்த மேலாளர் வேண்டும். அதிகம் விற்றவரை மேலாளராக்குவதே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். 131 நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து பென்சன், லி, ஷூ என்னும் மூன்று பொருளியலாளர்கள் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நன்றாக விற்றவர்களுக்கே பதவி உயர்வு எளிதில் கிடைத்தது. ஆனால், அவர்களுக்குக் கீழ் பணிபுரிந்தோரின் விற்பனை குறைந்தது.

அடுத்த ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. ஒரு விற்பனை நிறுவனத்தில் பணியாளர்களை இருவர் இருவராக இணைத்து, தங்கள் சிக்கல்களைச் சொல்லி ஒருவரிடம் ஒருவர் யோசனை கேட்கும் முறையான சந்திப்புகளுக்கு ஏற்பாடு செய்தனர். அவர்களது விற்பனை சராசரியாக 24 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. சோதனை முடிந்து குறைந்தது 20 வாரங்கள் அந்த உயர்வு நீடித்தது. இருவரின் கூட்டு விற்பனைக்கு ஊக்கத்தொகை அளித்தபோது கிடைத்த பலனோ நிலைக்கவில்லை. தெரிந்தவர் சொல்ல மறுப்பதைவிட, தெரியாதவர் கேட்கத் தயங்குவதே பெரிய தடை என்பது இதிலிருந்து புலனாகிறது.

நம் ஊரில் இத்தயக்கம் சற்றுக் கூடுதல். வகுப்பில் ஐயம் கேட்ட மாணவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதைப் பல்லாண்டுகள் கண்டவன் நான். அதே மாணவன் பணிக்குச் சென்ற பிறகு, பதிவு செய்த உரையாடலை எல்லோர் முன்னிலையிலும் ஒலிக்கவிட்டு மேலாளர் அவனைக் கடிந்துகொண்டால், மறுநாள் முதல் தன் தவறை மறைக்கத்தான் கற்பான்.

வாரம் ஒரு மணி நேரம், ஒரே ஓர் உரையாடலை எடுத்துக்கொண்டு குழுவாகக் கேட்கலாம். 'பாரடைஸ் கடற்கரைக்குப் படகில்தான் போக வேண்டுமா?' என்று ஒருவர் கேட்கிறார். 'ஆமாம்' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 'உடன் முதியவர்கள் வருகிறார்களா?' என்று திருப்பிக் கேட்டிருந்தால் அறை முன்பதிவாகியிருக்கக்கூடும். இத்தகைய இடங்களைப் பணியாளரே கண்டுபிடிக்கும்வரை மேலாளர் பொறுமையாக இருக்க வேண்டும். நட்சத்திர விற்பனையாளருக்கு இது எளிதன்று. அவருக்கு விடை முன்பே தெரியும், வாயும் சும்மா இருக்காது.

மேலாளரின் ஊதிய உயர்வைக் குழுவின் மொத்த விற்பனையை மட்டும் வைத்து முடிவு செய்தால், நன்றாக விற்கும் இருவரை நம்பியே அவர் மாதத்தை ஓட்டிவிடுவார். கடைசி நிலையில் இருந்தவர் ஆறு மாதங்களில் எவ்வளவு முன்னேறினார் என்பதையும் நிறுவனங்கள் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.