வேலை முடிந்து வந்து 40 நிமிடத்தில் சிக்கன் குழம்பு: ஒரே குக்கர் போதும்

அத்திப்பட்டு,

வடசென்னை அனல் மின்நிலையம், வல்லூர் அனல் மின்நிலையம், காமராஜர் துறைமுகம் என ஷிப்ட் வேலைக்கு ஓடுகிறவர்கள் நிறைந்த பகுதி அத்திப்பட்டு. கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரெயிலில் சென்னைக்கு போய் இரவு 7, 8 மணிக்கு வீடு திரும்புகிறவர்களும் ஏராளம். அதுக்கப்புறம் கறிக்குழம்பு என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். கடைசியில் பரோட்டா பார்சலில் போய் முடியும்.

அரை கிலோ பிராய்லர் கோழியும் ஒரு குக்கரும் இருந்தால் 40 நிமிடத்தில் வேலை முடிந்து விடும். வெளிநாடுகளில் கோழி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு மூடி ஓவனில் வைப்பார்கள். அதற்கு பெயர் காசரோல். நம்ம ஊரில் காசரோல் என்றால் இட்லி சூடு ஆறாமல் வைக்கிற டப்பா. ஓவன் செய்கிற வேலையை இங்கே குக்கரே செய்து விடும்.

தேவையானவை (4 பேருக்கு)

எலும்போடு கோழிக்கறி ½ கிலோ, உருளைக்கிழங்கு 2, பெரிய வெங்காயம் 2, தக்காளி 2, இஞ்சி-பூண்டு விழுது 1 மேஜைக்கரண்டி, குழம்பு மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் ½ டீஸ்பூன், பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை, எண்ணெய் 3 மேஜைக்கரண்டி, உப்பு.

செய்முறை

எண்ணெயில் பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை போட்டு வெங்காயத்தை சிவக்க வதக்கவும். இஞ்சி-பூண்டு விழுது பச்சை வாசனை போனதும் தக்காளி, தூள்கள், உப்பு சேர்க்கவும். தக்காளி மசிந்ததும் கறியையும், நான்காக வெட்டிய கிழங்கையும் போட்டு 3 நிமிடம் புரட்டவும்.

பிறகு அரை டம்ளர் தண்ணீர் போதும். கோழியும் தக்காளியும் தண்ணீர் விடும். அதிகம் ஊற்றினால் குழம்பு ரசமாகி விடும். மூடும் முன் அடியில் ஒட்டிய மசாலாவை கரண்டியால் சுரண்டி விடணும். இல்லையென்றால் அடிபிடிக்கும்.

2 விசில் வந்ததும் அடுப்பை அணைக்கவும். பிராய்லர் கோழி சுமார் 6 வாரத்தில் கடைக்கு வந்து விடுகிறது. இளம் கறி என்பதால் சீக்கிரம் வேகும். 5 விசில் விட்டால் கறி நார் நாராக உதிரும். இந்த கணக்கு நாட்டுக்கோழிக்கு செல்லாது. அதற்கு விசில் கூடுதலாக வேணும்.

விசிலை தூக்காதீங்க

பசி அவசரத்தில் சிலர் கரண்டியால் வெயிட்டை தூக்கி விடுவார்கள். இது ஆபத்து. குக்கர் உள்ளே சூடு 120 டிகிரி வரை போகும். சூடான மசாலா பீய்ச்சி அடித்து முகம், கை வெந்து விடும். பிரஷர் தானாக இறங்க 10 நிமிடம் விடுங்கள். கறியில் மசாலா இறங்குவதும் அந்த நேரத்தில்தான். அதற்குள் பக்கத்து அடுப்பில் சோறு தயாராகி விடும். குக்கரை மூடும் முன் ஆவி வரும் துளை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம்.

கறி வாங்கும்போது

காலையிலேயே வாங்கி பையில் தொங்க விடக்கூடாது. பச்சைக்கறியை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. சென்னை வெயிலில் 1 மணி நேரமே அதிகம். வேலை முடிந்து வரும் வழியில் வாங்குவதே நல்லது.

குழாயை வேகமாக திறந்து கறியை கழுவினால் கிருமி சுற்றிலும் தெறிக்கும். பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மெதுவாக கழுவி, கையை சோப்பு போட்டு கழுவவும். மஞ்சள் தடவினால் கிருமி செத்து விடும் என்று நம்பி இருக்க வேண்டாம். கறி உள்வரை வெந்தால்தான் சாகும். வெட்டிப் பார்த்தால் எலும்பு ஓரம் சதை பச்சையாக இருக்கக்கூடாது.

மிச்சமான குழம்பை 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலையில் நன்றாக கொதிக்க விட்டால் இட்லி, தோசைக்கும் ஆச்சு.